சிறையில் கம்பனை எடைபோட்ட வ. வே. சு. ஐயர்

பல்லாரிச் சிறையில் ஒரு கைதி எழுதிக்கொண்டிருந்தார். ஆண்டு 1921. ராஜத் துரோகக் குற்றத்துக்காக ஒன்பது மாதச் சிறைவாசம். அவர் எழுதியது மன்னிப்புக் கடிதம் அல்ல. கம்பராமாயணத்தைப் பற்றிய ஆங்கில நூல்!

அவர்தான் வரகனேரி வ. வே. சு. ஐயர்.

காவிரிக்கரைத் திருச்சியைச் சேர்ந்தது வரகனேரி. அங்கே 1881 ஏப்ரல் 2-ந் தேதி பிறந்தார். செயின்ட் ஜோசப் கல்லூரியில் அவர் எடுத்துப் படித்த பாஷை லத்தீன்! ரோமாபுரியின் பழைய பாஷை அது.

லத்தீன் மொழியின் பெருங்காப்பியம் 'ஈனிட்'. இயற்றியவர் வர்ஜில். இவரும் ஆற்றங்கரை நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளைதான். டிராய் நகரம் தீப்பற்றி எரிகிறது. வீரன் ஈனியாஸ் தன் கிழத் தந்தையைத் தோளில் சுமந்து, சிறு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தப்புகிறான். பின்னால் வந்த மனைவியைக் காணோம்! பிறகு கடலில் அலைந்து, இத்தாலியில் புது நாடு காண்கிறான். தந்தை சொல் காக்கக் காட்டுக்குப் போன ராமன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, இந்தப் பிள்ளை அந்நியன் அல்லவே!

சுமார் பதினோரு ஆண்டுகள் பாடியும் வர்ஜிலுக்குத் திருப்தி இல்லை. நூலை எரித்துவிடும்படி சொல்லிவிட்டு, கி.மு. 19-ல் இறந்தார். அகஸ்டஸ் சக்கரவர்த்தி தடுத்துக் காப்பாற்றினார்.

1907-ல் ஐயர் பாரிஸ்டருக்குப் படிக்க லண்டன் போனார். அங்கே புரட்சிக்காரர்களோடு சேர்ந்தார். போலீஸ் வலை வீசியது. 1910-ல் மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பத்து வருஷ வாசம். பாரதியாரின் நட்பு கிடைத்தது. கம்பனில் மூழ்கினார்.

அந்தக் காலத்தில் ஆங்கிலம் படித்த தமிழர் பலர் மில்டனை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். கம்பன் புலவர்கள் சொத்து என்று விட்டுவிட்டார்கள். மாயூரத்துக்கு அருகே தேரழுந்தூரில் பிறந்தவனைத் தஞ்சை ஜில்லாக்காரரே அறியவில்லை! அவர்களுக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்ல வேண்டியிருந்தது.

ஐயர் தராசைத் தூக்கினார். ஒரு தட்டில் ஹோமர், வர்ஜில், மில்டன். மறுதட்டில் கம்பன். அவர் தீர்ப்பில் கம்பன் தட்டுத் தாழ்ந்தது. மூலநூல் தந்த வால்மீகிக்கும் மேலே வைத்தார். துணிச்சல்தான்! பாரபட்சம் என்பார் உண்டு. ஆனால் வர்ஜிலை லத்தீனிலேயே படித்தவர் தீர்ப்பை எளிதில் தள்ள முடியுமா?

விடுதலைக்குப் பின் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிச் சாப்பாடு போட்டதால் கண்டனம் எழுந்தது. நியாயமான கண்டனமே. 1925-ல் தலைமையிலிருந்து விலகினார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் பிள்ளைகளோடு பாபநாசம் அருவிக்குப் போனார். மகள் சுபத்திரை வெள்ளத்தில் விழுந்தாள். தகப்பன் குதித்தார். இருவருமே மீளவில்லை. அவருக்கு வயது 44.

சிறையில் எழுதிய நூலை, அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1950-ல் டில்லித் தமிழ்ச் சங்கம் அச்சிட்டது.