காவிரிக்கரையில் விழுந்த கோதுமை மணி



அக்டோபர் மாதம் வந்துவிட்டால் நம் பங்குகளில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, செபமாலை பக்தி. மற்றொன்று, மறைபரப்பு ஞாயிறு. அன்று காணிக்கை உறைகள் வழங்கப்படும். மறைப்பணியாளர்கள் எத்தனை பள்ளிகளைக் கட்டினார்கள், எத்தனை பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள் என்று மறையுரையில் கேட்போம். எண்ணிக்கை நமக்குப் பிடிக்கும். கணக்குப் பார்த்துத்தான் நாம் ஒருவருடைய பணியை மதிப்பிடுகிறோம்.

ஆனால், இதே அக்டோபர் மாதத்தில், 1957-ஆம் ஆண்டு 10-ஆம் நாள், பாரிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஒரு குருவானவர் உயிர் நீத்தார். நம் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். அவருடைய கணக்கில் எண்ணிச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் தொடங்கிய ஆசிரமத்தில் அவர் உயிரோடு இருந்தவரை ஓர் இந்தியத் துறவிகூட நிலைத்துத் தங்கவில்லை. அவர்தான் அருள்தந்தை ஜூல்ஸ் மொன்சானின். அவருடைய வாழ்வைச் சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

திராட்சைத் தோட்டத்திலிருந்து

1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு வடக்கே உள்ள ஃப்ளூரி என்னும் ஊரில் அவர் பிறந்தார். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். சிறுவயதிலிருந்தே மூச்சுத்திணறல் நோய் அவரை வாட்டியது. ஆனால் அறிவில் சிறந்து விளங்கினார். 1922-இல் குருப்பட்டம் பெற்றார். மேற்படிப்பு முடித்துப் பேராசிரியராக வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஓர் ஏழைப் பங்கிற்குச் சென்றார். பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த இறையியல் அறிஞர் ஹென்றி தெ லுபாக் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவர்.

1932-இல் அவர் கடுமையான நிமோனியா காய்ச்சலில் விழுந்தார். பிழைப்பாரா என்ற நிலை. குணமடைந்தால் இந்தியாவுக்கே தம்மைக் கையளிப்பதாக அப்போது இறைவனுக்கு வாக்குக் கொடுத்தார். பிழைத்தார். நாம் ஆபத்தில் எத்தனையோ பொருத்தனைகள் செய்கிறோம். மொட்டை அடிப்பதாக, வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக. இவரோ தம் எஞ்சிய வாழ்நாளையே பொருத்தனையாக வைத்தார். அதை நிறைவேற்ற ஏழு ஆண்டுகள் காத்திருந்தார்.

நாற்பத்து நான்கு வயதில் மீண்டும் குழந்தையாக

1939-ஆம் ஆண்டு மே மாதம் கப்பலேறினார். தாயையும் நண்பர்களையும் விட்டுப் பிரிந்தார். அன்றைய திருச்சி ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சா அவரைத் தம் மறைமாவட்டத்தில் ஏற்றுக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஓர் இந்திய ஆயருக்குக் கீழ்ப்பட்டு, இந்தியக் குருக்களில் ஒருவராகப் பணியாற்ற முன்வந்தார். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் இது சிறிய காரியமல்ல.

நாற்பத்து நான்கு வயதில் ஒருவர் புதிய மொழியின் அரிச்சுவடியைத் தொடங்குவது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். லியோனில் அறிஞர்கள் நடுவே பேசியவர், இங்கே லகரம், ளகரம், ழகரம் என்று நாக்கை வளைக்க வேண்டியிருந்தது. அவருடைய மூச்சுத்திணறலும் அவரோடு சேர்ந்தே கப்பலில் வந்திருந்தது. திருச்சியின் சித்திரை, வைகாசி வெயில் நமக்கே தாங்காது. மெலிந்த உடம்புக்காரரான அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

வந்து நான்கே மாதங்களில் ஐரோப்பாவில் போர் மூண்டது. 1940-இல் அவருடைய நாடே எதிரியின் கைக்குப் போனது. கடல் கடந்து வரும் கடிதங்களை நம்பியிருக்க முடியாத காலம் அது. இன்று நம் பிள்ளைகள் துபாயிலும் குவைத்திலும் இருந்து இரவுதோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அப்படியிருந்தும் அவர்களுடைய ஏக்கம் தீருவதில்லை. அவருடைய ஏக்கத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் தம் தாய்க்கு அவர் வாழ்நாள் முழுவதும் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் பிற்காலத்தில் நூலாகவே வெளிவந்தன.

ஏறத்தாழ பத்து ஆண்டுகள் திருச்சிக்கு அருகே உள்ள கிராமங்களிலும் குளித்தலையிலும் பங்குப்பணி செய்தார். ஏழைகள் நிறைந்த பங்குகள். திருப்பலி, நோயாளிகளுக்கு அருளடையாளங்கள், ஊர்ச் சச்சரவுகள், கையேந்தி வருவோர் என்று நம் பங்குத்தந்தையர் அனைவருக்கும் பழக்கமான வாழ்க்கைதான். ஆனால் உள்ளத்தில் ஒரு கனவு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. இந்த நாடு ஆயிரமாயிரம் ஆண்டுகளாக முனிவர்களையும் துறவிகளையும் போற்றிய நாடு. இங்கே திருச்சபை பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் மட்டும் தெரிந்தால் போதுமா? செபிக்கும் திருச்சபையாக, தியானிக்கும் திருச்சபையாகத் தெரிய வேண்டாமா? இதுதான் அவருடைய கேள்வி.

சாந்திவனம்

அந்தக் கேள்வி புதிதல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார். 1899-இல் வங்காளத்துக் கத்தோலிக்கர் பிரம்மபாந்தவ் உபாத்யாயா ஜபல்பூரில் ஓர் ஆசிரமம் தொடங்க முயன்றார், அது நிலைக்கவில்லை.

1948-இல் பிரான்சிலிருந்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஹென்றி லெ சோ குளித்தலைக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இருவரும் திருவண்ணாமலை சென்று இரமண மகரிஷியைத் தரிசித்தார்கள். 1950-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள், அந்நாளைய வழக்கப்படி புனித ஆசீர்வாதப்பரின் திருநாளன்று, குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் ஒரு மாந்தோப்பில் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயரிட்டார்கள். சத், சித், ஆனந்தம் என்னும் மூன்று சொற்களில் தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு இறைவனைக் கண்டார்கள். மக்கள் அறிந்த பெயர் சாந்திவனம்.

மொன்சானின் தமக்குப் பரம அரூபி ஆனந்தம் என்று பெயர் சூட்டிக்கொண்டார். ஆவியை அரூபி என்று சொல்வது நம் முன்னோரின் செப வழக்கு. தூய ஆவியின் பேரின்பம் என்ற பொருளில், நம் பாட்டிமார் பேசிய கத்தோலிக்கத் தமிழிலேயே தம் பெயரை அமைத்துக்கொண்டார். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார்.

காவி வேட்டி, குடிசை, தரையில் பாய், கையால் உண்ணும் மரக்கறி உணவு. காலை, நண்பகல், மாலை என்று மும்முறை செபம். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது காவிரி. அந்தத் தண்ணீர்தான் கீழே முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து திருவரங்கத்தைச் சூழ்ந்து செல்கிறது. அரங்கனுக்கு முன் நிற்கும் பக்தர்களின் ஏக்கத்தையும், ஆற்றங்கரைச் சிற்றாலயத்தில் நற்கருணையின் முன் அமர்ந்திருந்த தம் ஏக்கத்தையும் அவர் பகைமையாகப் பார்க்கவில்லை. அதே வேளையில், மூவொரு இறைவன் மீது கொண்ட நம்பிக்கையில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை.

அறுவடை காணாத விதைப்பு

எல்லாம் இனிதாக நடந்ததா? இல்லை. தேடி வந்தவர்கள் உண்டு, தங்கியவர்கள் இல்லை. சிலர் சில நாள் இருந்தார்கள், திரும்பிப் போனார்கள். நம் மக்களில் பலருக்கும் காவி உடுத்திய கத்தோலிக்கக் குரு புதிராகவே இருந்தார்.

இருந்த இருவருக்குள்ளும் வேறுபாடு வளர்ந்தது. லெ சோ செயல்வேகம் கொண்டவர். காரியங்கள் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பவர். மொன்சானினோ நூல்களிலும் சிந்தனையிலும் மூழ்கிவிடுவார். நடைமுறைக் காரியங்களில் கெட்டிக்காரர் அல்லர். மேலும், லெ சோ திருவண்ணாமலைக் குகைகளில் தங்கி அத்வைத அனுபவத்தில் ஆழ்ந்து சென்றார். வேதாந்தமும் கிறிஸ்தவமும் அவ்வளவு எளிதில் இணைந்துவிடுமா என்ற தயக்கம் மொன்சானினை விடவில்லை. ஒரே வளாகத்தில், ஒரே பீடத்தில் திருப்பலி நிறைவேற்றிய இருவர், உள்ளத்தால் வெவ்வேறு பாதைகளில் நடந்தார்கள். நம் குடும்பங்களிலும் இது நடப்பதில்லையா? அன்பு இருக்கும், ஒத்த கருத்து இருக்காது. அவர்கள் ஒருவரையொருவர் தூற்றிப் பிரிந்துவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1957-இல் கட்டி நோய் அவரைத் தாக்கியது. இந்திய மண்ணிலேயே இறக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதுவும் நிறைவேறவில்லை. சிகிச்சைக்காகப் பாரிசுக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களில் இறைவனடி சேர்ந்தார். வயது 62.

உலகக் கணக்கின்படி இது தோல்விதான். ஆனால் எட்டே ஆண்டுகளில், 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் காணப்படும் உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று உலகறிய அறிக்கையிட்டது. 1969-இல் குத்துவிளக்கு, ஆரத்தி, கைகூப்பி வணங்குதல், தரையில் அமர்தல் முதலியவற்றை இந்திய வழிபாட்டில் பயன்படுத்த உரோமை அனுமதி தந்தது. நம் ஆலயத் திருவிழாவில் இன்று இயல்பாகக் குத்துவிளக்கு ஏற்றுகிறோமே, அது ஒரு காலத்தில் சிலர் தனியாகக் கண்ட கனவு. 1968-இல் கேரளத்துக் குரிசுமலையிலிருந்து அருள்தந்தை பீட் கிரிஃபித்ஸ் சாந்திவனத்திற்கு வந்தார். அவருடைய காலத்தில் இந்தியத் துறவிகள் நிலைத்துத் தங்கினார்கள். உலகின் பல நாடுகளிலிருந்து மக்கள் அமைதி தேடி வந்தார்கள். மொன்சானின் இவற்றில் ஒன்றையும் கண்ணால் காணவில்லை.

கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி ஆண்டவர் சொன்னதை (யோவான் 12:24) நாம் அடக்கத் திருப்பலிகளில் அடிக்கடி கேட்கிறோம். மடியும் மணி கதிரைப் பார்ப்பதில்லை என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியை, பிள்ளை திரும்பி வருவான் என்று செபமாலை உருட்டும் தாய், பத்து வீடு ஏறி இறங்கி ஒருவரையும் அன்பியத்திற்கு அழைத்துவர முடியாத பொறுப்பாளர் எல்லாரும் இந்த வரிசையில் நிற்பவர்களே.

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் பேருந்தில் ஒருநாள் ஏறுங்கள். காவிரியைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்து தண்ணீர்ப்பள்ளியில் இறங்குங்கள். மர நிழலில் அரை மணி நேரம் ஒன்றும் கேட்காமல் அமர்ந்திருங்கள். இந்த மறைபரப்பு மாதத்தில் அதுவும் ஒரு காணிக்கைதான்.

செபிப்போமாக: ஆண்டவரே, பலனைக் காணும் வரத்தை எங்களுக்குத் தராவிட்டாலும், கடைசிவரை விதைக்கும் வரத்தைத் தாரும். ஆமென்.