நம்பிக்கையில் நிலைத்தவர்: ஜே. சி. குமரப்பா

நுழையும்முன்

சமய நம்பிக்கை வழிபாட்டோடு முடிந்துவிடுவதில்லை. அது ஒருவர் செய்யும் தொழிலிலும், எழுதும் கணக்கிலும், உண்ணும் உணவிலும் வெளிப்பட வேண்டும். ஆட்சியாளரின் சமயமும் தம் சமயமும் ஒன்றாக இருந்த காலத்தில், அந்த ஆட்சியை எதிர்ப்பதே தம் சமயக் கடமை என உணர்ந்து வாழ்ந்த தமிழர் ஒருவர் உண்டு. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் குமரப்பா பிறந்தார். தந்தை எஸ். டி. கார்னிலியஸ் அரசின் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாய் எஸ்தர் இராஜநாயகம். ஜோசப் செல்லத்துரை கார்னிலியஸ் என்பதே பெற்றோர் இட்ட பெயர். தந்தையிடமிருந்து ஒழுங்கையும் நேரந்தவறாமையையும், தாயிடமிருந்து இல்லாதவர்க்கு இரங்கும் பண்பையும் அவர் பெற்றார். இறைவேண்டலும் விவிலியப் படிப்பும் அவ்வீட்டின் அன்றாட வழக்கங்களாக இருந்தன.

கணக்குத் தணிக்கைக் கல்வி பெறுவதற்காக 1913ஆம் ஆண்டு அவர் இலண்டன் சென்றார். பட்டயக் கணக்காயராகத் தேறி, முதல் உலகப்போர் நடைபெற்ற காலத்தில் அங்கேயே பணியாற்றினார். தாயின் அழைப்பை ஏற்று 1919ஆம் ஆண்டு தாயகம் திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழிலில் ஈடுபட்டார். சில ஆண்டுகளில் சொந்தமாக ஒரு தணிக்கை நிறுவனத்தையும் நடத்தினார். நல்ல வருவாய், மேனாட்டு உடை, மேனாட்டுப் பழக்கவழக்கம் என வசதியான வாழ்க்கை அமைந்தது. ஆங்கில ஆட்சியைக் குறித்த ஐயம் எதுவும் அப்போது அவரிடம் தோன்றவில்லை.

வறுமைக்கான காரணம்

மேற்படிப்புக்காக 1927ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றபோதுதான் மாற்றம் தொடங்கியது. சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகத்தில் பட்டம் பெற்ற பின், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்னும் பொருளில் அவர் ஒரு தேவாலயத்தில் ஆற்றிய உரை நாளிதழில் வெளியானது. அதைப் படித்த பேராசிரியர் எட்வின் செலிக்மன், அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு தூண்டினார்.

ஆய்வு ஆழமாக ஆக, கணக்காயரின் கண்களுக்கு உண்மை புலப்பட்டது. ஏழை உழவரிடம் பெறும் வரி, படைச் செலவாகவும் கடன் வட்டியாகவும் அயல்நாட்டு அலுவலரின் ஊதியமாகவும் ஓய்வூதியமாகவும் செலவாயிற்று. கொடுத்தவரின் கல்விக்கும் உடல்நலத்துக்கும் மிகச் சிறிதளவே திரும்பி வந்தது. இந்தியாவின் வறுமை இயற்கை தந்ததன்று; ஆட்சிமுறை உண்டாக்கியது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். அண்டை அயலாரிடம் அன்பு காட்டுமாறு கற்பிக்கும் சமயத்தைச் சார்ந்த ஆட்சி, ஏழையின் உணவைப் பறிக்கும் ஆட்சியாகவும் இருப்பது அவர் உள்ளத்தை உறுத்தியது. இம்முரணோடு இசைந்து வாழ அவரால் இயலவில்லை.

தாயகம் திரும்பிய குமரப்பா, தம் முன்னோரின் குடும்பப் பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டார். கார்னிலியஸ் என்னும் பெயர் குமரப்பா ஆயிற்று. இது சமயத்தைத் துறந்ததன் அடையாளமன்று. இயேசுவைப் பின்பற்றுவதற்கு ஐரோப்பியப் பெயரோ உடையோ வேண்டியதில்லை என்பதே அவர் கருத்து.

சபர்மதியில் ஒரு சந்திப்பு

தம் ஆய்வேட்டை வெளியிடும் நோக்கத்தோடு 1929ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். மேனாட்டு உடையில் சென்ற அவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவரே காந்தியடிகள் என்பதைச் சற்று நேரங்கழித்தே அறிந்தார். ஆய்வேடு காந்தியடிகளின் யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள மாதர் வட்டத்தின் பொருளியல் நிலையை ஆராயும் பொறுப்பைக் காந்தியடிகள் அவருக்கு அளித்தார். குஜராத் வித்யாபீட மாணவர்களோடு 54 சிற்றூர்களின் வருவாய், செலவு, கடன், உணவு ஆகியவற்றைக் குமரப்பா கணக்கெடுத்தார். அதுவரை ஏடுகளில் எண்களாகக் கண்ட வறுமையை அவ்வூர்களில் நேரில் கண்டார். பம்பாய் வாழ்க்கைக்கு அவர் திரும்பவில்லை. கதர் உடுத்தினார், திருமணம் செய்துகொள்ளாமல் எளிய வாழ்வை மேற்கொண்டார்.

பேராயருக்கு மறுமொழி

உப்புச் சத்தியாகிரகம் 1930ஆம் ஆண்டு தொடங்கியபோது, இந்தியக் கிறித்தவர் பலர் கடும் மனப்போராட்டத்துக்கு உள்ளாயினர். விடுதலை இயக்கத்தில் சேர்வது அதிகாரத்துக்குக் கீழ்ப்படியாமை ஆகுமோ என்னும் அச்சம் அவர்களிடம் இருந்தது. அயல்நாட்டு மறைப்பணியாளர்கள் அரசுக்கு எதிராக நடப்பதில்லை என உறுதியளித்தே இந்தியாவில் பணியாற்ற முடிந்தது. விடுதலை இயக்கத்துக்குப் பரிவு காட்டியதற்காக, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கெய்த்தான் அவ்வாண்டே நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பேராயராக விளங்கிய பாஸ் வெஸ்ட்காட், சட்டமறுப்பு இயக்கம் கிறித்தவ நெறிக்குப் பொருந்தாது எனக் கருதினார். தம் திருச்சபையின் மிக உயர்ந்த பொறுப்பில் இருந்தவர் கூறியதைக் கேட்டுக் குமரப்பா அமைதியாக இருந்திருக்கலாம். திருச்சபையை விட்டு விலகியும் இருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. இயேசுவின் போதனைகளையே சான்றாகக் கொண்டு பேராயருக்கு மறுமொழி எழுதினார். பகைவரையும் வெறுக்காமல், தீமையை மட்டும் எதிர்த்து, அதனால் வரும் துன்பத்தைத் தாமே ஏற்பதுதான் சிலுவையின் பொருள். சத்தியாகிரகம் அதையே செய்கிறது என்பது அவர் வாதம். அன்பையும் அகிம்சையையும் போற்றும் கிறித்தவர்கள், தடியடிக்கும் சிறைக்கும் ஆளாகும் மக்களின் பக்கம் நிற்க வேண்டும் என மறைப்பணியாளர்களுக்கு வேண்டுகோளும் விடுத்தார்.

அவ்வாதம் எழுத்தளவில் நின்றுவிடவில்லை. காந்தியடிகள் சிறைப்பட்டபின் யங் இந்தியா இதழின் பொறுப்பை ஏற்று அஞ்சாமல் எழுதினார். அதற்காக 1931ஆம் ஆண்டு ஒன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். காந்தி – இர்வின் உடன்படிக்கையால் விரைவில் விடுதலையானார். மறு ஆண்டு இரண்டரை ஆண்டுத் தண்டனை மீண்டும் வந்தது. இரண்டையும் மனமுவந்து ஏற்றார்.

கணக்கும் மனச்சான்றும்

நேர்மை, வேண்டியவர் முன்னும் வளையாதபோதுதான் முழுமை பெறுகிறது. பீகாரில் 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த துயர்துடைப்புக் குழுவின் நிதிப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. மக்கள் அளித்த நன்கொடையில் ஒரு காசும் வீணாகக்கூடாது எனக் கருதிய அவர், தொண்டர் ஒருவரின் நாள் உணவுச் செலவுக்கு மூன்று அணா என வரையறுத்தார்.

காந்தியடிகளும் அவருடன் வந்த குழுவினரும் அங்கு வந்தபோது, அவர்களது உணவுக்கும் பயணத்துக்கும் அவ்வரையறைக்கு மேல் செலவாகும் நிலை ஏற்பட்டது. அச்செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது. வேறு வழியில் பார்த்துக்கொள்ள வேண்டும் எனக் காந்தியடிகளின் செயலர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா தெரிவித்துவிட்டார். காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார். தாம் தலைவராக ஏற்றவரையே மறுக்கும் துணிவு, அந்நிதி துன்புற்றோர்க்கு உரியது; தாம் அதன் காவலர் மட்டுமே என்னும் உணர்விலிருந்து பிறந்தது.

சிற்றூர்த் தொழில்கள்

அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் 1934ஆம் ஆண்டு டிசம்பரில் தோற்றுவிக்கப்பட்டபோது, அதன் அமைப்பாளராகவும் செயலராகவும் குமரப்பா பொறுப்பேற்றார். வார்தாவில் உள்ள மகன்வாடி அதன் தலைமையிடம். நெல் குற்றுதல், செக்கில் எண்ணெய் ஆட்டுதல், கைக்காகிதம் செய்தல், தேனீ வளர்த்தல், பனைவெல்லம் காய்ச்சுதல் முதலிய தொழில்கள் அங்கு ஆராயப்பட்டு மேம்படுத்தப்பட்டன.

திண்டுக்கல் சமவெளியில் மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த கன்னிவாடி போன்ற ஓர் ஊரை எண்ணிப் பார்த்தால் அவரது கருத்து எளிதில் விளங்கும். ஊரில் விளைந்த நெல் ஊரிலேயே குற்றப்பட்டால் அதன் கூலி ஊரிலேயே தங்கும். தவிடு முற்றும் நீங்காத அரிசி உடலுக்கு ஊட்டம் தரும். எள்ளும் நிலக்கடலையும் ஊர்ச் செக்கில் ஆட்டப்பட்டால் எண்ணெய் வீட்டுக்கும், பிண்ணாக்கு மாட்டுக்கும், மாட்டின் சாணம் வயலுக்கும் சேரும். இவை அனைத்தும் தொலைவில் உள்ள ஆலைக்குச் சென்றுவிட்டால், ஊரில் வேலையும் குறையும். மண்ணின் வளமும் குறையும். பொருளை வாங்குபவர், அதைச் செய்தவரின் வாழ்வுக்கும் பொறுப்பாளர் ஆவார் எனக் குமரப்பா வலியுறுத்தினார். அண்டை அயலாரை நேசித்தல் என்னும் நெறி, அவர் கையில் இவ்வாறு பொருளியல் கோட்பாடாக மலர்ந்தது.

சிறையில் எழுந்த நூல்கள்

வெள்ளையனே வெளியேறு இயக்கக் காலத்தில் மீண்டும் சிறைப்பட்டு ஜபல்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். உடல்நலம் குன்றியது, எழுத்து குன்றவில்லை. இயேசுவின் போதனைகளும் நடைமுறையும் என்னும் பொருளமைந்த நூலும், நிலைத்த பொருளாதாரம் என்னும் நூலும் அச்சிறையில் உருவாயின. இரண்டுக்கும் காந்தியடிகள் அணிந்துரை வழங்கினார்.

முதல் நூலில், வழிபாட்டுச் சடங்கைக் காட்டிலும் இயேசு வாழ்ந்த முறையைப் பின்பற்றுவதே கிறித்தவம் என விளக்கினார். அன்றாட உணவுக்காக இறைவனிடம் வேண்டுபவர், பிறரது உழைப்பைச் சுரண்டித் தம் களஞ்சியத்தை நிரப்பக்கூடாது என்பது அதன் சாரம். இரண்டாம் நூலில் இயற்கையிலிருந்து ஐவகைப் பொருளியலைக் காட்டினார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தான் பயன்பெறும் உயிரையே அழிக்கிறது. தோப்பில் புகும் குரங்கு, எதையும் தராமல் கனியைக் கவர்கிறது. கூடு கட்டும் பறவை, தன் முயற்சியால் தேவையை நிறைவு செய்கிறது. தேனீ தன் கூட்டத்துக்காக உழைக்கிறது. தாய்ப்பறவை கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. முதல் நிலையிலிருந்து இறுதி நிலையாகிய தொண்டினை நோக்கி உயர்வதே மனித வளர்ச்சி என்றார். சுற்றுச்சூழல் குறித்த கவலை உலகில் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தீர்ந்துபோகும் கனிமங்களை நம்பிய வாழ்வு போருக்கு வழிவகுக்கும் என அவர் எச்சரித்தார்.

தெரிந்து தெளிவோம்

அணிந்துரையில் காந்தியடிகள் குமரப்பாவுக்குக் கிராமத் தொழில்களின் முனைவர் என்னும் பட்டத்தைச் சூட்டினார். இவருடைய தம்பி பாரதன் குமரப்பாவும் காந்தியச் சிந்தனையாளர்; காந்தியடிகளின் எழுத்துகளைத் தொகுக்கும் பணியில் பங்காற்றியவர்.

கல்லுப்பட்டியில் நிறைவு

விடுதலைக்குப் பின் காங்கிரசின் வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று, உழுபவர்க்கே நிலம் உரியதாக வேண்டும் எனப் பரிந்துரைக்கும் அறிக்கையை 1949ஆம் ஆண்டு அளித்தார். பெருந்தொழில்களை முதன்மையாகக் கொண்ட திட்டங்களோடு அவர் உடன்படவில்லை. ஆட்சியில் இருந்தவர்கள் உடன் சிறையிருந்த நண்பர்கள். எனினும், பிழையெனக் கருதியதைச் சுட்டிக்காட்ட அவர் தயங்கவில்லை. அதனால் தனிமை நேர்ந்தது, அதையும் ஏற்றுக்கொண்டார்.

இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில், ஒரு சிறு குடிலில் கழித்தார். அங்கே காந்தியடிகளின் படத்தோடு ஏழைச் சிற்றூரார் ஒருவரின் படத்தையும் வைத்திருந்தார். அவரே தம் தலைவருக்கும் தலைவர் என வந்தோரிடம் கூறுவது அவர் வழக்கம். விடுதலைக்கு முன் வெளியேற்றப்பட்ட கெய்த்தானும் நாடு விடுதலை பெற்றபின் திரும்பி வந்து, திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமச் சூழலில் தொண்டாற்றினார். ஒரே நம்பிக்கை இருவரையும் சிற்றூர்களுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

குமரப்பா 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் மறைந்தார். அது காந்தியடிகளின் நினைவு நாள். காந்தியடிகளின் நெருங்கிய தோழராக இருந்தும் அவர் தம் சமயத்தைக் கைவிடவில்லை. கிறித்தவராக இருந்தும் ஏழையைச் சுரண்டும் ஆட்சிக்குத் துணைபோகவில்லை. ஆட்சியாளர், பேராயர், தலைவர், நண்பர் என எவர் முன்னும் தம் மனச்சான்றை விட்டுக்கொடுக்காமல் வாழ்ந்தார். நம்பிக்கையில் உறுதி என்பது பிறர் நம்பிக்கையை வெறுப்பதன்று. தம் நம்பிக்கைக்குத் தாமே உண்மையாக இருப்பது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்பு நடைபெற்ற கைத்தொழில்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து பட்டியலிடுக. அவற்றுள் இன்றும் தொடர்பவை எவை எனக் குறிப்பிடுக.
2. குமரப்பா காட்டும் ஐவகைப் பொருளியலுக்கு அன்றாட வாழ்விலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.
3. பொதுப்பணத்தைக் கையாள்பவர்க்கு இருக்க வேண்டிய பண்புகள் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.