எந்தக் கொசு என்று கேட்ட மருத்துவர்: சர் மால்கம் வாட்சன்

1901 ஜனவரியில் கிள்ளான், சுமார் 3,500 பேர் வாழ்ந்த ஒரு சிறு பட்டணம். சுற்றிலும் காடு, ஊருக்குள்ளேயே சதுப்பு நிலம். அந்த மாதம் 27 வயது ஸ்காட்லாந்து இளைஞர் ஒருவர் அங்கு மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் கிள்ளானிலும் அதன் அருகே புதிதாகத் திறக்கப்பட்ட துறைமுகத்திலும் 582 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 368 பேரைக் கொன்றது காய்ச்சல். மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பி வழிந்தன.

அந்த மருத்துவரின் பெயர் மால்கம் வாட்சன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கொசு ஒழிப்பு என்று இன்று நாம் சொல்லும் பணியின் தொடக்கத்தைத் தேடிப் போனால், அவருடைய கிள்ளான் நாள்களுக்குத்தான் வந்து சேர்வோம்.

வாட்சன் 1873-இல் கிளாஸ்கோ நகருக்கு அருகில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். பின்னர் பொதுச் சுகாதாரத்திலும் தகுதி பெற்று, 1900-இல் மலாயா மருத்துவச் சேவையில் சேர்ந்தார். அவர் புறப்பட்ட காலம் முக்கியமானது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1897 ஆகஸ்டில், இந்தியாவின் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் மலேரியாவுக்குக் காரணம் என்று பல நூற்றாண்டுகளாக இருந்த நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது.

ஆனால் கொசு நோயைப் பரப்புகிறது என்று அறிவது வேறு. கொசுவைக் குறைத்து நோயைத் தடுக்க முடியும் என்று காட்டுவது வேறு. அப்படிச் செய்ய முடியுமா என்பதில் அன்றைய மருத்துவர்கள் பலருக்கே ஐயம் இருந்தது. லாகூருக்கு அருகே மியான் மீர் ராணுவ முகாமில் ஏறத்தாழ அதே காலத்தில் நடந்த கொசு ஒழிப்பு முயற்சி தோல்வியில் முடிந்தது. கொசுவோடு போராடுவது வீண் செலவு என்று வாதிட்டவர்களுக்கு அந்தத் தோல்வி கைகொடுத்தது.

கிள்ளானில் வாட்சன் முன்னே சில வழிகள் இருந்தன. எல்லோருக்கும் குவினைன் மருந்து கொடுக்கலாம். ஆனால் கசப்பான மருந்தை ஊரே நாள் தவறாமல் விழுங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எல்லோரையும் கொசுவலைக்குள் தூங்கச் சொல்லலாம். அதற்கு ஏழைகளிடம் வசதி இல்லை. மூன்றாவது வழி, கொசு முட்டையிடும் நீரையே இல்லாமல் செய்வது. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, ஊரைச் சுற்றியுள்ள புதர்களையும் காட்டையும் அகற்ற வேண்டும் என்று அவர் அரசாங்கத்திடம் கேட்டார். சிலாங்கூரின் தலைமை மருத்துவர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். பணமும் கிடைத்தது.

வேலை நடந்துகொண்டிருந்தபோதே இன்னொரு நெருக்கடி வந்தது. 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று அழைப்பது அதைத்தான். அலையாத்திக் காட்டுச் சதுப்பின் நடுவே எழுந்த அந்தத் துறைமுகத்தில், திறந்த சில வாரங்களிலேயே வேலையாள்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தனர். பெரும் செலவில் கட்டிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அங்கும் கரை கட்டிக் கடல்நீரைத் தடுக்கவும், உள்ளே தேங்கிய நீரை வடிக்கவும் வாட்சன் வழி சொன்னார்.

முடிவை எண்களே சொல்லின. 1901-இல் 368 ஆக இருந்த காய்ச்சல் மரணங்கள், 1902-இல் 59 ஆகக் குறைந்தன. 1905-இல் அது 45. அதே ஆண்டுகளில், வடிகால் வெட்டப்படாத சுற்றுவட்டாரக் கிராமப்புறங்களில் இறப்பு குறையவில்லை. இந்த ஒப்பீடு மிக முக்கியம். மழை குறைந்ததாலோ நோய் தானாகத் தணிந்ததாலோ கிள்ளான் பிழைத்தது என்றால், பக்கத்து இடங்களிலும் மரணம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் கட்டுப்பாட்டுக் குழு என்பதன் பயன் இதுதான். கொசுவைக் கட்டுப்படுத்தி மலேரியாவைக் குறைத்த உலகின் முதல் வெற்றிகளுள் ஒன்றாகக் கிள்ளான் பேசப்பட்டது. மியான் மீரைக் காட்டி மறுத்தவர்களுக்குக் கிள்ளானைக் காட்டி ரோஸ் பதில் சொன்னார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால், வாட்சன் ஒரு வெற்றி பெற்ற அதிகாரியாக மட்டும் இருந்திருப்பார். அவரை ஆராய்ச்சியாளர் ஆக்கியது அடுத்து வந்த தோல்வி.

ரப்பர் விலை ஏறிய காலம் அது. காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வந்து தோட்ட லயங்களில் குடியேறினர். பலர் ஊர் திரும்பவே இல்லை. 1911-இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு 60 பேருக்கு மேல் இறந்தனர். அந்த மரணங்களில் மலேரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1908 வாக்கில் வாட்சன் அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் தோட்டங்களின் மருத்துவராகப் பொறுப்பேற்றார்.

தோட்டம் தோட்டமாகச் சென்று, அங்குள்ள குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கும். எத்தனை குழந்தைகளுக்கு வீங்கியிருக்கிறது என்று எண்ணினால், அந்த இடத்தில் எவ்வளவு மலேரியா உள்ளது என்று தெரிந்துவிடும். ஆய்வுக்கூடம் தேவையில்லை, இரண்டு கைகளும் ஒரு குறிப்பேடும் போதும்.

அந்தக் கணக்கு ஒரு புதிரைக் காட்டியது. கடலோரத்துச் சமவெளித் தோட்டங்களில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் நோய் குறைந்தது. மேட்டு நிலத் தோட்டங்களில் அதையே செய்தும் குறையவில்லை. புல் பூண்டு இல்லாமல், வாய்க்கால்கள் சீராக இருந்த மேட்டுத் தோட்டங்களிலும் குழந்தைகளின் மண்ணீரல் வீங்கியே இருந்தது. சில இடங்களில் காடு இருந்தபோது இல்லாத மலேரியா, காட்டை வெட்டிய பிறகு வந்தது. கிள்ளானைக் காப்பாற்றிய முறையே இங்கே ஆளைக் கொன்றது.

வாட்சன் தம் பழைய வெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஓடைகளில் இறங்கிப் புழுக்களைச் சேகரித்துக் கொசு வகைகளைப் பிரித்துப் பார்த்தார். விடை அங்கே இருந்தது. சமவெளியில் நோயைப் பரப்பியது அனாஃபிலிஸ் அம்புரோசஸ் என்ற கொசு. அது காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. நிழலை அகற்றி நீரை வடித்தால் ஒழிந்துபோகும். மேட்டு நிலத்தில் பரப்பியது அனாஃபிலிஸ் மாக்குலேட்டஸ். அது வெயில் படும் தெளிந்த ஓடைகளிலும் ஊற்று நீரிலும் வளர்வது. காடு மூடியிருக்கும்வரை அதற்கு அங்கே இடமில்லை. காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டால், அதற்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாக ஆகும். சீராக வெட்டிய திறந்த வாய்க்கால்கூட அதற்கு நல்ல ஓடைதான்.

நோய் ஒன்று, கிருமியும் ஒன்று. ஆனால் கொசு வேறு என்பதால் மருந்தும் வேறாக இருக்க வேண்டும். மேட்டு நிலங்களில் ஊற்று நீரை வெளியே காட்டாமல், நிலத்தடியில் குழாய் பதித்து வடிக்கும் முறையை வாட்சன் கொண்டுவந்தார். அவ்வாறு குழாய் பதித்த தோட்டங்களுள் ஒன்று சீஃபீல்டு. இன்றைய சுபாங் ஜெயா வட்டாரத்தில் வீடுகளும் கல்லூரிகளும் நிற்கும் நிலத்தில் இருந்த தோட்டம் அது. குழாய்க்குச் செலவு அதிகம் என்பதால், 1914 முதல் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறையும் பரவியது. நீரின் மேல் படரும் எண்ணெய்ப் படலம் புழுக்களை மூச்சுவிட முடியாமல் செய்துவிடும்.

1911-இல் சிங்கப்பூரின் தெலோக் பிளாங்கா வட்டாரத்தில் மலேரியா கடுமையானபோது, ஆலோசனை சொல்ல வாட்சன் அழைக்கப்பட்டார். அவர் சொன்னபடி அங்கும் நிலத்தடி வடிகால் அமைக்கப்பட்டது. 1913-இல் டச்சு ஆராய்ச்சியாளர் சுவெலன்கிரெபெல் மலாயாவுக்கு வந்து அவர் பணியைப் பார்த்தார். நோயைப் பரப்பும் கொசு இனத்தை மட்டும் குறிவைக்கும் இந்த அணுகுமுறைக்கு இனவழிச் சுகாதாரம் என்ற பொருளில் பெயரிட்டவர் அவரே.

வாட்சனைப் புகழும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பணிக்குப் பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் மனிதநேயத்தால் கொடுக்கவில்லை. தொழிலாளி நோயில் கிடந்தால் பால் வெட்ட ஆள் இல்லை. அதனால் கொடுத்தவர்கள் பலர். எந்த இடத்தில் லயம் கட்டுவது, எவ்வளவு செலவழிப்பது என்பதைத் தோட்ட நிர்வாகமே முடிவு செய்தது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. வாய்க்கால் வெட்டியவர்கள், எண்ணெய் தெளித்தவர்கள், வயிற்றைக் காட்டி நின்ற குழந்தைகள் ஆகியோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. நம்மில் சிலருடைய கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் அவர்களில் இருந்திருக்கலாம். உயிர் பிழைத்தவர்களின் சந்ததிதானே நாம்!

வாட்சனுக்கு 1924-இல் சர் பட்டம் கிடைத்தது. 1928-இல் மலாயாவை விட்டுப் புறப்பட்டு, லண்டனில் ரோஸ் பெயரில் அமைந்த ஆய்வுக் கழகத்தில் மலேரியா கட்டுப்பாட்டுப் பணிக்குத் தலைமை ஏற்றார். இன்றைய சாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதியில் மலேரியா தாக்கியபோது அங்கும் சென்றார். மலாயாவின் முறையை அப்படியே அங்கே நகலெடுக்கவில்லை. முதலில் அந்த ஊரில் எந்தக் கொசு, அது எந்த நீரில் வளர்கிறது என்று பார்த்த பிறகே வேலை தொடங்கியது. 1955-இல் அவர் காலமானார்.

சிங்கப்பூர் 1982-இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. மலேசியாவில், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் வகைதான் இன்று சவால். ஆனால் இரண்டு நாடுகளையும் டிங்கி விடவில்லை. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் சதுப்பிலும் ஓடையிலும் வளர்வதில்லை. பூச்சாடித் தட்டு, வாளி, கூரைத் தாழ்வாரம் எனத் தேங்கிய நீர் கொஞ்சம் கிடைத்தால் போதும், அது வளரும். பகலில் கடிக்கும். இங்கே காட்டை வெட்டிப் பயனில்லை. வீட்டைப் பார்க்க வேண்டும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏந்திய ஏடிஸ் கொசுக்களைச் சிங்கப்பூரும் மலேசியாவும் இப்போது வெளியே விடுவது, அந்த ஓர் இனத்தை மட்டும் குறிவைத்துத்தான்.

அறிவியல் படிக்கும் மாணவர்கள் வாட்சனிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது கிள்ளான் வெற்றியை மட்டும் அல்ல. தாம் கண்ட விதி ஓரிடத்தில் பொய்த்தபோது, அந்த இடத்தைக் குறை சொல்லாமல் விதியைத் திரும்பிப் பார்த்தார். கொசுவை ஒழிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்ன காலத்தில், எந்தக் கொசுவை என்று கேட்டார். அந்தக் கேள்வி பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.