காது கேட்காதவர் வைத்த பரீட்சை

லேப்ல அவுட்புட் வரலைன்னா நாம என்ன பண்ணுவோம்? சப்ளையை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். அதுவும் சரிவரலைன்னா லேப் அண்ணாவைக் கூப்பிடுவோம். ஆனா நடுக்கடல்ல, சண்டை நேரத்துல, போர்க்கப்பலோட ரேடார் நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடுறது?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் வில்லியம் எடி. 1902இல் பிறந்தவர். 1926இல் அமெரிக்கக் கடற்படை அகாடமியில் தேறி, நீர்மூழ்கிக் கப்பலில் அதிகாரியானார். சிக்கல் என்னன்னா, அவருக்குக் காது சரியாகக் கேட்காது. மனுஷன் அசரலை. நீருக்கடியில் வரும் சத்தத்தைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு கருவி செய்தார். ஆனாலும் 1934இல் செவிக்குறையைக் காரணம் காட்டிக் கடற்படை அவரை ஓய்வுபெற வைத்தது.

அடுத்து டெலிவிஷன் பக்கம் போனார். ஃபார்ன்ஸ்வொர்த்திடம் வேலை, பிறகு என்பிசி. 1940இல் சிகாகோவில் ஒரு டிவி நிலையம் அமைக்கப் போனார்.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. ரேடார் வந்திருச்சு, பழுது பார்க்க ஆள் இல்லை. எடி தன் ஸ்டுடியோவைப் பயிற்சிப் பள்ளியாக்கலாம்னு முன்வந்தார். அனுப்பிவைத்த அதே கடற்படை அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

யாரைத் தேர்ந்தெடுப்பது? அதுக்குத்தான் 'எடி டெஸ்ட்'. கணக்கு, இயற்பியல், மின்சாரம், ரேடியோ அடிப்படைகள்னு ஒரு எழுத்துத் தேர்வு. ஜெயிச்சவங்களுக்கு மாசக்கணக்கில் கடும் பயிற்சி. சுமார் 86,000 பேர் இந்தத் திட்டத்தில் பயின்றார்கள்.

ஆனா பேப்பர்ல மார்க் வாங்கினவர் பழுதைக் கண்டுபிடிப்பாரா? எடி டெஸ்ட் பார்த்தது கத்துக்கிற திறனை மட்டும். மிச்சக் கேள்வியை 1950களில் உளவியலாளர் ராபர்ட் கிளேசரும் சகாக்களும் கையில் எடுத்தார்கள். அவர்களோட 'டேப்' தேர்வில், கருவியின் கோளாறு சொல்லப்படும். செய்யக்கூடிய சோதனைகள் வரிசையா இருக்கும். ஒவ்வொன்றின் முடிவும் ஒரு காகிதத் துண்டால் மூடியிருக்கும். எந்தச் சோதனை வேணுமோ அந்தத் துண்டைக் கிழிச்சுப் பார்க்கலாம். எதைக் கிழிச்சார், தேவையில்லாம எத்தனை கிழிச்சார் என்பதிலேயே அவர் யோசிக்கிற விதம் வெளிச்சமாயிடும்.

எடி 1989இல் இறந்தார். ஒரு செவிப் பரிசோதனை அவரைக் கரையில் இறக்கிவிட்டது. அவர் வைத்த பரீட்சையோ, இவனால் கத்துக்க முடியுமான்னு மட்டும் கேட்டது. அடுத்த லேப் எக்ஸாமில் அவுட்புட் வராதப்போ, முதல் துண்டு எதுன்னு கொஞ்சம் யோசிச்சுட்டுக் கிழிங்க.