மெஹ்பூப் கான்: கூட்டத்தில் ஒருவராக நின்றவர், தேசத்தின் கதையைச் சொன்னவர்

இந்திய சினிமாவின் நூறாண்டு வரலாற்றைப் பேசுபவர்கள் 'மதர் இந்தியா'வைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. அந்தப் படத்தைத் தயாரித்து இயக்கிய மெஹ்பூப் கானின் வாழ்க்கையை நம் இளைய தலைமுறை அவ்வளவாக அறிந்திருக்கவில்லை. சினிமாவைப் பற்றி நம் வீடுகளில் பல கருத்துகள் இருக்கலாம். ஆனாலும் பள்ளிப் படிப்பு இல்லாத ஒரு முஸ்லிம் இளைஞர், ஒரு நாடே தன் முகமாக ஏற்றுக்கொண்ட கதையைச் சொன்ன வரலாறு நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

1907ஆம் ஆண்டு, இன்றைய குஜராத் மாநிலத்தின் பிலிமோரா பகுதியில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் மெஹ்பூப். சினிமா ஆசையில் வீட்டைவிட்டு பம்பாய்க்கு ஓடினார். அது ஊமைப் படங்களின் காலம். அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் ஃபிலிம் கம்பெனியில் துணை நடிகர் வேலை கிடைத்தது. 1927இல் வந்த அலிபாபா படத்தில் நாற்பது திருடர்களில் ஒருவராக நின்றார்.

1931இல் இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வை அதே இரானி எடுத்தபோது, கதாநாயகன் வேடத்துக்கு மெஹ்பூபின் பெயரும் பேசப்பட்டது. கடைசியில் அந்த வாய்ப்பு அன்றைய நட்சத்திரமான மாஸ்டர் விட்டலுக்குப் போனது. கைக்கு வந்தது நழுவிப்போனால் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். மெஹ்பூப் திரும்பவில்லை. சாகர் மூவிடோன் நிறுவனத்தில் சிறு வேடங்களில் நடித்தபடியே, படம் எடுக்கும் வேலையைக் கண்ணால் பார்த்துக் கற்றார்.

1935இல் அந்த நிறுவனத்துக்காக 'அல் ஹிலால்' படத்தை இயக்கினார். முதல் படமே பேர் வாங்கித் தந்தது. பிறகு 'ஜாகிர்தார்', 'ஏக் ஹி ராஸ்தா' எனப் படங்கள் தொடர்ந்தன. 1940இல் வந்த 'ஔரத்', கடன்காரனின் பிடியில் சிக்கிய ஒரு கிராமத்துத் தாயின் போராட்டத்தைச் சொன்னது. 1942இல் வந்த 'ரொட்டி', பணத்தாசையைச் சாடியது. வறுமையைப் புத்தகத்தில் படிக்காமல் பட்டு அறிந்தவர் என்பதால், ஏழைகளின் பசியும் கடனும் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வந்தன.

அடுத்து மெஹ்பூப் புரொடக்‌ஷன்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் சின்னம் அரிவாளும் சுத்தியலும். கூடவே, மனிதர்கள் எவ்வளவு தீங்கு நினைத்தாலும் இறைவன் நாடியதே நடக்கும் என்ற கருத்துடைய உருது ஈரடி ஒன்று ஒலிக்கும். உழைப்பாளியின் அடையாளத்தையும் இறைநம்பிக்கையையும் அவர் ஒன்றாக வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. தொழுகையில் பேணுதல் உள்ளவர் என்றே அவருடன் பணியாற்றியவர்கள் அவரை நினைவுகூர்ந்தார்கள்.

1943இல் 'தக்தீர்' படத்தின் மூலம் நர்கிஸைக் கதாநாயகியாக அறிமுகப்படுத்தினார். 1945இல் எடுத்த 'ஹுமாயூன்', முகலாய மன்னருக்கும் ராஜபுத்திர இளவரசிக்கும் இடையிலான சகோதரப் பாசத்தைப் பேசியது. நாடு மதத்தால் பிளவுபட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வந்த படம் அது. 1946இல் வெளியான 'அன்மோல் கடி'யில் நடித்துப் பாடிய நூர்ஜஹான், பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்றார். மெஹ்பூப் பம்பாயையே தன் ஊராக்கிக்கொண்டார். 1949இல் திலீப் குமார், ராஜ் கபூர், நர்கிஸ் மூவரையும் சேர்த்து 'அந்தாஸ்' எடுத்தார்.

1952இல் வந்த 'ஆன்' அவருடைய துணிச்சலுக்கு அடையாளம். 16 எம்.எம். வண்ணச் சுருளில் படம்பிடித்து, லண்டனில் டெக்னிக்கலர் முறையில் பெரிதாக்கி வெளியிட்டார். தமிழிலும் குரல் மாற்றப்பட்டு வந்ததால், நம் பாட்டன்மார் பலருக்கு அது பழக்கமான படம். 1954இல் பம்பாய் பாந்த்ராவில் மெஹ்பூப் ஸ்டுடியோவை நிறுவினார். ஒரு காலத்தில் ஸ்டுடியோவில் கூட்டத்தோடு நின்றவர், சொந்த ஸ்டுடியோவின் அதிபரானார்.

தம்முடைய 'ஔரத்' கதையையே பெரிய அளவில் மீண்டும் எடுக்க முடிவுசெய்து 'மதர் இந்தியா' என்று பெயர் வைத்தார். அதே பெயரில் 1927இல் அமெரிக்கரான கேத்தரின் மேயோ எழுதிய நூல், இந்தியர்களை இழிவுபடுத்தியதாகக் கடும் கண்டனத்துக்கு ஆளானது. எனவே பெயரைக் கேட்டதும் மத்திய அரசின் அமைச்சகங்களுக்குச் சந்தேகம் எழுந்தது. 1955இல் திரைக்கதையை அனுப்பும்படி கேட்டன. மெஹ்பூபின் குழு திரைக்கதையோடு விளக்கக் கடிதத்தையும் அனுப்பியது. அந்நூலின் அவதூறுக்குப் பதில் சொல்லவே அதே பெயரைத் தேர்ந்ததாகத் தெளிவுபடுத்தியது.

1957 அக்டோபரில் படம் வெளியானது. கணவன் இல்லாமல் பிள்ளைகளை வளர்த்து, நிலத்தை உழுது, பசியிலும் மானத்தை விற்காத ராதாவாக நர்கிஸ் வாழ்ந்திருந்தார். வட்டிக்காரனின் மகளைத் தூக்கிச்செல்லும் தன் மகனையே கடைசியில் அந்தத் தாய் சுட்டு வீழ்த்துகிறாள். பெற்ற பாசத்தைவிட ஊர்ப்பெண்ணின் மானமும் நீதியும் பெரிது என்ற முடிவு, பார்த்தவர்களை உலுக்கியது. தன் குடும்பத்தைச் சூறையாடியவனின் மகளுக்காக அவள் துப்பாக்கி ஏந்தினாள் என்பதுதான் அந்த நீதியின் கனம். வெளிநாட்டு மொழிப் படங்களுக்கான ஆஸ்கார் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்த முதல் இந்தியப் படம் அது. தமிழில் 1978இல் சிவாஜி கணேசனும் வாணிஸ்ரீயும் நடித்த 'புண்ணிய பூமி' அதன் மறுஆக்கம்தான்.

உச்சிக்குப் பிறகு சரிவும் வந்தது. தம் வளர்ப்பு மகன் சாஜித் கானை வைத்து 1962இல் எடுத்த 'சன் ஆஃப் இந்தியா' தோல்வி அடைந்தது. அதுவே அவர் இயக்கிய கடைசிப் படம். 1963இல் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. காஷ்மீரத்துக் கவிஞர் ஹப்பா காத்தூனின் வாழ்வைப் படமாக்க நினைத்திருந்தார், அது நிறைவேறவில்லை. 1964 மே 27 அன்று பிரதமர் நேரு மறைந்தார். மறுநாள் மே 28 அன்று மெஹ்பூப் வஃபாத்தானார். நாடே நேருவுக்காக அழுதுகொண்டிருந்த வேளையில், பம்பாய் மரைன் லைன்ஸில் உள்ள பெரிய கபரஸ்தானில் அவரை அடக்கம் செய்தார்கள். 2007இல் அவர் நினைவாக இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

இந்த மண்ணின் மீது நமக்குள்ள பற்றை அவ்வப்போது சிலர் சந்தேகிக்கும் காலம் இது. அன்றும் ஒரு தலைப்புக்காக மெஹ்பூப் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு வேலையை முடித்தார். இந்தியத் தாய் என்றதும் கோடிக்கணக்கானோரின் மனக்கண்ணில் இன்றும் தோன்றும் உருவம், ஏர் சுமந்து நிற்கும் அந்த ராதாதான். அதைத் தந்தவர் யார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.