ஒற்றைப் பொறி

சல்லிக் கடற்கரையில் இரவில் நின்று கிழக்கே நோக்குவோர் தொலைவிற் செல்லும் கப்பல்களின் விளக்குகளைக் காண்பர். அவற்றின் உச்சியிலே சுழலும் ராடர்க் கருவி, கண்ணுக்குப் புலனாகாத அலைத் துடிப்புகளை இருளில் வீசி, அவை மோதித் திரும்புவதைக்கொண்டு கரையையும் பாறையையும் அறிகின்றது. ஒவ்வொரு துடிப்பும் விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு கூறளவோ, அதனினும் குறைவோதான். ஆற்றலைத் தேக்கிவைத்து இமைப்பொழுதில் அவிழ்த்துவிடும் ஆளியே அதன் உயிர்நிலை. இத்தகைய சிற்றலைகளை ஒற்றைப் பொறியிலிருந்து எழுப்பிய பெருமகன், இதே வங்கக் கடலின் வடகோடியை அடுத்த கல்கத்தாவில் வாழ்ந்த ஜகதீச சந்திர போஸ்.

1858 நவம்பர் 30ஆந் திகதி பிறந்த அவர், இங்கிலாந்தில் கற்றுத் தேறி, 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியரானார். ஐரோப்பியருக்கு அளித்ததனினும் குறைந்த ஊதியமே அவருக்கு விதிக்கப்பட்டது. தந்தையோ கடனில் மூழ்கியிருந்தார். எனினும் போஸ் மூன்றாண்டுகள் ஊதியத்தைத் தொடாமலே கற்பித்தார். ஈற்றில் அரசு பணிந்தது. முழு ஊதியமும் நிலுவையோடு வந்தது. தந்தையின் கடனும் தீர்ந்தது.

1894இல் ஆராய்ச்சி தொடங்கியபோது தக்க ஆய்வுகூடம் இல்லை. ஒரு சிற்றறையில், உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரின் துணைகொண்டு கருவிகளைச் சமைத்தார். மின்பொறி பாய்ந்தால் அலை எழும் என்பதை ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் 1888இல் நிறுவியிருந்தார். ஆனால் தூண்டற் சுருளின் அதிரும் துண்டிப்பான் பொறிகளைச் சரமாரியாகப் பொழிய, உலோகக் குண்டுகள் விரைவிற் சொரசொரப்பாகி அலைகள் குலைந்தன. போஸ் அதிரும் உறுப்பையே அகற்றினார். மின்னோட்டத்தை ஒரே முறை துண்டித்து, பிளாட்டினக் குண்டுகளிடையே ஒரே பொறியை எழுப்பினார். ஆராய்ச்சிக்கு அந்த ஒரு வீச்சே போதுமென்று கண்டார். வேண்டாத அலைகள் கசியாவண்ணம் சுருளை உலோகப் பெட்டியுள் அடைத்தார். இவ்வாறு ஐந்து மில்லிமீற்றர் அளவான அலைகளையும் பெற்றார்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், அவரது அலை சுவர்களை ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தைத் தீப்பற்றச் செய்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அக்கருவிகளை விளக்கினார்.

வணிகர்கள் தேடி வந்தனர், அவர் இசையவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால், அலைகளை உணரும் கலீனாப் படிகக் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றாரெனினும், அதனாற் பொருளீட்ட முனைந்தாரல்லர். உரிய ஊதியத்திற்காக மூன்றாண்டு போராடியவர், அறிவை விலைபேச மறுத்தது முரணன்று. முன்னது மானம், பின்னது ஈகை.

பிற்காலத்தில் தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்த அவர், 1917இல் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, 1937 நவம்பர் 23இல் கிரிடியில் மறைந்தார். சல்லிக்கு அப்பால் இருளிலே வழி தேடும் கப்பல், அவர் பெயரை அறியாமலே அவர் முன்னர் ஆராய்ந்த அலைகளின் இனத்தைத் துணைக்கொண்டு செல்கின்றது.