கணினிக்குக் கற்பித்த குழந்தைகள்

நுழையும்முன்

பிறர் உருவாக்கிய விளையாட்டைத் திரையில் ஆடி மகிழ்வோர் கோடிக்கணக்கானோர். தாமே ஒரு விளையாட்டை வடிவமைத்து அதற்குரிய நிரலையும் எழுதுவோர் மிகச் சிலர். அந்தச் சிலருள் பள்ளிச் சிறாரும் இடம்பெற இயலும் என்று, கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே நம்பியவர் சீமோர் பேப்பர்ட். கணித அறிஞராகவும் கல்விச் சிந்தனையாளராகவும் விளங்கிய அவரது வாழ்வை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

பற்சக்கரங்களோடு வளர்ந்த சிறுவன்

சீமோர் பேப்பர்ட் 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பிறந்தார். தந்தை பூச்சியியல் ஆய்வாளர். மழலைப் பருவம் முதலே பேப்பர்ட்டின் மனத்தைக் கவர்ந்தவை தானுந்துகளும் அவற்றின் பற்சக்கரங்களும் ஆகும். ஒரு சக்கரம் சுழல, அதனோடு பிணைந்த மற்றொன்று எத்தனை முறை சுழலும் என்று மனத்துக்குள்ளேயே கணக்கிட்டுப் பார்ப்பார். பின்னாளில் வாய்பாடும் சமன்பாடும் பள்ளியில் அறிமுகமானபோது, அவற்றையும் பற்சக்கரங்களாகவே கண்டார். பிற மாணவர்களுக்கு அச்சமூட்டிய கணிதம் அவருக்குப் பழகிய விளையாட்டுத் தோழனாயிற்று. விரும்பிக் கையாளும் பொருளின் வழியே கடினமான கருத்தும் எளிதில் உள்ளே நுழையும் என்ற உண்மையை, எந்த நூலையும் படிக்காமலேயே அவர் உணர்ந்துகொண்டார்.

விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகத்தில் 1949இல் மெய்யியலில் இளங்கலைப் பட்டமும் 1952இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். இளமையிலேயே நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர் அவர். பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1959இல் கணிதத்தில் இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார்.

1958 முதல் 1963 வரை சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உளவியல் அறிஞர் ழான் பியாஜேயுடன் பணியாற்றியது அவரது வாழ்வில் பெருந்திருப்பமாக அமைந்தது. குழந்தை வெற்றுப் பாத்திரமன்று. தன் அறிவைத் தானே கட்டி எழுப்பும் சிற்பி என்பது பியாஜேயின் கோட்பாடு. பேப்பர்ட் அதனை மேலும் ஒருபடி வளர்த்தெடுத்தார். பிறருக்குக் காட்டத்தக்க ஒரு பொருளைத் தன் கையால் உருவாக்கும்போதுதான் குழந்தையின் அறிவு மிக உறுதியாகக் கட்டப்படுகிறது என்று அவர் கருதினார். இதுவே ஆக்கவழிக் கற்றல் என்னும் அவரது கொள்கைக்கு வித்தாயிற்று.

லோகோ பிறந்தது

1960களில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேப்பர்ட் இணைந்தார். அங்கு மார்வின் மின்ஸ்கியுடன் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தை வழிநடத்தினார். கணினியைச் சிந்திக்கவைக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்த அவ்வறிஞரின் உள்ளத்தில் வேறொரு வினா எழுந்தது. கணினியைச் சிந்திக்கவைக்க முயலும் அறிஞர், அம்முயற்சியின்போது தம் சிந்தனையைத் தாமே ஆராய நேர்கிறது. அந்த வாய்ப்பு குழந்தைகளுக்கும் கிடைத்தால் என்ன என்பதே அவ்வினா.

அதன் பயனாக, வாலி ஃபூர்சைக், சிந்தியா சாலமன் முதலியோருடன் சேர்ந்து 1967இல் குழந்தைகளுக்கான லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். சொல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. கணினி குழந்தையிடம் வினா தொடுத்து விடையைத் திருத்துவதே கணினிவழிக் கல்வி என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. அம்முறையில் கணினி ஆசிரியராகிறது. குழந்தை அதன் கட்டளைக்கு அடங்குகிறது. பேப்பர்ட் இதனைத் தலைகீழாக மாற்றினார். குழந்தையே ஆசிரியர், கணினியே மாணவர்.

சோப்புச் சிற்பமும் கணித வகுப்பும்

1968-69ஆம் கல்வியாண்டில் லெக்சிங்டன் நகரின் மசி நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு மாணவர் குழு ஒன்று வழக்கமான கணிதப் பாடத்துக்கு மாற்றாக லோகோவைக் கற்றது. அங்குச் செல்லும் வழியில் ஓவிய அறை ஒன்றைப் பேப்பர்ட் நாள்தோறும் கடந்து செல்வார். மாணவர்கள் சோப்புக் கட்டிகளைச் செதுக்கிச் சிற்பம் வடித்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் வெவ்வேறு கற்பனை. ஒரே வேலை பல வாரங்கள் நீடிக்கும். இடையில் நின்று எண்ணிப் பார்க்கவும், பிறர் படைப்பைக் கண்டு வியக்கவும், தன் படைப்பைக் காட்டி மகிழவும் அங்கே நேரம் இருந்தது. கணித வகுப்பிலோ, கொடுக்கப்பட்ட கணக்கை முடிப்பதோடு எல்லாம் முடிந்துவிடும். கணிதமும் சோப்புச் சிற்பம்போல் ஆகவேண்டும் என்னும் ஏக்கம் அவரைப் பல்லாண்டுகள் பற்றிக்கொண்டது.

அம்மாணவர்கள் எழுதிய நிரல்களுள் மறைமொழி உருவாக்குவனவும் உத்தி விளையாட்டுகளை ஆடுவனவும் இருந்தன. குச்சிகளை எடுத்து ஆடும் நிம் என்னும் விளையாட்டைக் கருதுவோம். இருவர் மாறிமாறி, ஒரு முறைக்கு ஒன்று முதல் மூன்று குச்சிகள்வரை எடுக்கலாம். கடைசிக் குச்சியை எடுப்பவரே வெற்றி பெறுவார். முதலில், எஞ்சிய குச்சிகளை எண்ணிச் சொல்லும் நடுவராகக் கணினியை ஆக்கலாம். அடுத்து, விதிப்படி ஏதேனும் ஓர் எண்ணைத் தேர்ந்து ஆடும் எளிய ஆட்டக்காரராக ஆக்கலாம். அதனை வெல்லும் ஆட்டக்காரராக ஆக்க வேண்டுமெனில், நிரல் எழுதும் மாணவர் வெற்றியின் மறைபொருளைக் கண்டறிந்தாக வேண்டும். எதிராளிக்கு எப்போதும் நான்கின் மடங்காகக் குச்சிகளை விட்டுவைப்பதே அந்த உத்தி. வகுத்தலில் வரும் மீதி, மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் எண் என்ற நிலை மாறி, ஆட்டத்தை வெல்லும் கருவியாகிறது.

மொழிப்பாடமும் இவ்வாறே உயிர்பெற்றது. பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி, கணினியைக் கொண்டு தொடர்களை உருவாக்க முயன்றாள். சொற்களைக் கலந்து கொடுத்தபோது பொருளற்ற தொடர்களே வந்தன. பெயர்ச்சொற்களைத் தனியாகவும் வினைச்சொற்களைத் தனியாகவும் பிரித்து, எங்கே எவ்வகைச் சொல் வரவேண்டும் என்று கணினிக்குக் கற்பித்த பிறகே தொடர் தொடராயிற்று. இலக்கணம் எதற்கு என்று சலித்திருந்த அம்மாணவிக்கு, அதன் தேவை அன்றுதான் புலனாயிற்று.

ஆமையும் பிழையும்

பின்னர் லோகோவோடு ஆமை என்னும் சிறு எந்திரம் இணைந்தது. காலப்போக்கில் அதுவே திரையில் நகரும் உருவமாகவும் மாறியது. 100 அடி முன்செல், 90 பாகை வலப்புறம் திரும்பு என்பதை நான்கு முறை கூறினால் சதுரம் கிடைக்கும். வட்டம் வரைய வழி தெரியாத குழந்தையிடம், நீயே ஆமையாகி நடந்து பார் என்பதே பேப்பர்ட்டின் அறிவுரை. சிறிது நடந்து சிறிது திரும்புவதை மீண்டும் மீண்டும் செய்தால் வட்டம் உருவாகும் என்பதைக் குழந்தையின் கால்களே கண்டுபிடித்துவிடும்.

நிரல் முதல் முறையிலேயே சரியாக இயங்குவது அரிது. தேர்வுத்தாளில் தவறு ஒரு முடிவு. நிரலிலோ அது ஒரு தொடக்கம். எங்கே பிழை, ஏன் பிழை என்று தேடித் திருத்துவதே கற்றலின் உயிர்நாடி என்று பேப்பர்ட் கருதினார். இக்கருத்துகளை 1980இல் வெளிவந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்னும் நூலில் விரித்துரைத்தார்.

அவரது கருத்துகள் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. லோகோ கற்றதனால் மட்டும் குழந்தைகளின் பொதுவான திட்டமிடும் திறன் உயர்ந்துவிடவில்லை என 1980களில் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரி ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். கருவி தானாக எவரையும் மாற்றாது. அதைக்கொண்டு எத்தகைய கற்றல் சூழலை உருவாக்குகிறோம் என்பதே வினா என்று பேப்பர்ட் விடையிறுத்தார்.

அத்தகைய சூழலுக்குப் பாஸ்டன் நகரின் ஹென்னிகன் பள்ளி சான்றாயிற்று. 1990களின் தொடக்கத்தில் யாஸ்மின் கஃபாய் என்னும் ஆய்வாளர் அங்கு நடத்திய திட்டத்தில், நான்காம் வகுப்பு மாணவர் 16 பேர், தம்மினும் இளைய மாணவருக்குப் பின்னக் கணக்கைக் கற்பிக்கும் கணினி விளையாட்டுகளை உருவாக்கினர். கதை, பாத்திரம், காட்சி, நிரல் ஆகிய அனைத்தும் அவர்களின் படைப்பே. பேப்பர்ட் ஏங்கிய சோப்புச் சிற்பம், கணித வகுப்பில் அரங்கேறியது.

இறுதிக் காலம்

லெகோ நிறுவனம் 1998இல் வெளியிட்ட எந்திரன் உருவாக்கும் தொகுப்பு, அவரது நூலின் பெயரையே தாங்கியது. 2002இல் மெய்ன் மாநிலம் அரசுப் பள்ளிகளின் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியதில், அம்மாநிலத்தில் வாழ்ந்த பேப்பர்ட்டின் கருத்துகளுக்குப் பெரும்பங்கு உண்டு. வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாகக் கணினி ஆகிவிடலாகாது என்பது அவரது உறுதியான எண்ணம்.

2006 டிசம்பரில் கணிதக் கல்வி மாநாட்டுக்காக வியட்நாமின் ஹனோய் நகருக்குச் சென்றிருந்தபோது, சாலையைக் கடக்கையில் மோட்டார் சைக்கிள் மோதி மூளையில் பலத்த காயமுற்றார். கற்றலைப் பற்றியே வாழ்நாளெல்லாம் சிந்தித்தவர், பேச்சைத் தாமே மீண்டும் கற்க வேண்டியவரானார். 2016 ஜூலை 31 அன்று மெய்னில் உள்ள தம் இல்லத்தில், 88ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவரது வழிவந்த மிட்செல் ரெஸ்னிக்கும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்னும் நிரல்மொழியில், உலகெங்கும் உள்ள சிறார் இன்று தம் விளையாட்டுகளைத் தாமே படைக்கின்றனர். தான் எழுதிய நிரல் இயங்காதபோது மனம் தளராமல் பிழையைத் தேடும் ஒவ்வொரு மாணவரிடமும் பேப்பர்ட் வாழ்கிறார்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் அறிந்த ஊர் விளையாட்டு ஒன்றின் விதிகளை, கணினிக்குக் கற்பிப்பதுபோல் படிப்படியாக எழுதுக.
2. தவறுகளிலிருந்து கற்றல் என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.